தண்ணீர்விட்டானும் வீட்டுத் தோட்டமும்

வீட்டுத் தோட்டம் போட எண்ணுவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. எதை நடுவது? எவ்வளவு நீர் விடுவது? என்ன எரு இடுவது? இம்மூன்றும் வேண்டிய கேள்விகளே. ஆயினும், நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. அதைக் கேட்போர் அரியர். விளைந்ததில் எவ்வளவை எடுப்பது, எவ்வளவை விட்டுவைப்பது என்பதே அக்கேள்வி. முதல் மூன்றுக்கும் விடை கண்டவர்களின் தோட்டங்கள்கூட இந்த நான்காவதில் தவறிப் பாழாவதை நான் பல இடங்களிற் கண்டிருக்கிறேன். ஆதலால், மாணவ நண்பர்களே, இன்று அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். பாடத்தைத் தெளிவாக்கும் பொருட்டு ஒரு கொடியைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன். அதன் பெயர் தண்ணீர்விட்டான்.

கரடுகளின் அடிவாரத்திலும், புதர்க்காடுகளிலும், சிற்றூர்களின் வேலிகளிலும் இக்கொடி அயற்செடிகளைப் பற்றிக்கொண்டு ஏறும். தண்டு மெல்லியது, எனினும் கட்டைத்தன்மை உடையது. அதில் கீழ்நோக்கி வளைந்த முட்கள் உண்டு. கணுதோறும் ஊசிபோன்ற பசிய இழைகள் கற்றை கற்றையாக நிற்கும். தொலைவிலிருந்து பார்த்தால் பச்சைப் புகை வேலியின்மேல் படர்ந்தது போலத் தோன்றும். வெண்ணிறச் சிறுபூக்கள் கொத்தாகப் பூத்து மணம் வீசும். பின்னர் மிளகு போன்ற காய்கள் தோன்றிப் பழுத்துச் சிவக்கும். பழத்தினுள்ளே கரிய விதை இருக்கும். மண்ணைத் தோண்டினால், ஒரே தலையிலிருந்து விரல் பருமனுள்ள வெண்ணிற வேர்க்கிழங்குகள் பல கற்றையாக இறங்கியிருப்பதைக் காணலாம். நூறு வேருடையது என்னும் பொருளிலேயே வடமொழியில் இதற்குச் சதாவரி என்று பெயர் வந்தது என்பர். நம் மக்களோ வேரின் எண்ணிக்கையை நோக்காமல் அதன் நீரை நோக்கித் தண்ணீர்விட்டான் என்றனர். இலங்கைத் தமிழர் இதைச் சாத்தாவாரி என்பர். அத்தீவில் இதன் பசுந்தழையைச் சேர்த்து இலைக்கஞ்சி காய்ச்சுவதும் உண்டு.

இக்கொடியில் உங்களை வியப்பில் ஆழ்த்தக்கூடிய செய்தி ஒன்றுண்டு. ஊசிபோல் நிற்கும் அப்பசிய இழைகளை இலைகள் என்றே எவரும் எண்ணுவர். அவை இலைகள் அல்ல, கிளைகள். இதை என் சொல்லுக்காக நீங்கள் நம்ப வேண்டுவதில்லை. கைலென்சு ஒன்றை எடுத்துக்கொண்டு கற்றையின் அடியை உற்று நோக்குங்கள். அங்கே உலர்ந்த செதில் போன்ற ஓர் உறுப்புத் தெரியும். செடிகளில் இலையின் கக்கத்திலிருந்தே கிளை பிறக்கும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அச்செதிலின் கக்கத்திலிருந்து பசிய இழைகள் பிறக்கின்றன. ஆதலால் செதிலே இலை; இழைகள் கிளை. இலை சுருங்கித் தன் வேலையைக் கிளையிடம் ஒப்படைத்துவிட்டது. அகன்ற இலையின் வழியே நீர் ஆவியாகி வீணாகும். ஊசி போன்ற கிளையில் அவ்விழப்புக் குறைவு. மேலே நீரைச் சிக்கனமாகச் செலவிட்டுக் கீழே வேரில் சேமித்து வைக்கும் இக்கொடி, வறண்ட நிலத்துக்கென்றே அமைந்த வாழ்க்கையை உடையது.

இதன் சுற்றம் பெரிது. ஐரோப்பியர் விரும்பி உண்ணும் ஆஸ்பராகஸ் என்னும் கறிக்குருத்து இதற்கு உடன்பிறப்பு முறை. அச்செடிக்கு லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் அறிவியற் பெயர் இட்டார். அப்பெயரின் பிற்பகுதிக்கு மருந்துச் சாலைக்குரியது என்று பொருள். ஆகவே அதுவும் முதலில் மருந்தாகப் போற்றப்பட்டதே. நம் தண்ணீர்விட்டானுக்கு 1799ஆம் ஆண்டில் வில்டெனோ என்னும் செருமானிய அறிஞர் பெயர் சூட்டினார். பூச்செண்டுகளில் செருகப்படும் மெல்லிய பசுந்தழையைப் பெரணி என்று பலர் எண்ணுகின்றனர். அதுவும் பெரணி அன்று. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஆஸ்பராகஸ் இனமே. முன்பு இவற்றையெல்லாம் லில்லிக் குடும்பத்தில் வைத்திருந்தனர். இன்று ஆஸ்பராகஸ் பெயராலேயே ஒரு தனிக் குடும்பம் வகுக்கப்பட்டுள்ளது. மாலைக்குரிய நிலச்சம்பங்கியும், நார் தரும் ஆனைக்கற்றாழையும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. வேதியியல் பயில்வோர்க்கும் இங்கு ஒரு செய்தி உண்டு. புரதங்களைக் கட்டியெழுப்பும் செங்கற்கள் போன்றவை அமினோ அமிலங்கள். அவற்றுள் முதன்முதலாகத் தனியே பிரித்தெடுக்கப்பட்டது அஸ்பராஜின். 1806ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலார் வோக்கலின், ரோபிக்கே என்னும் இருவர் அதனை ஆஸ்பராகஸ் குருத்தின் சாற்றிலிருந்து பெற்றனர். செடியின் பெயரே அப்பொருளுக்கும் வாய்த்தது.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஐரோப்பியத் தோட்டக்காரர் ஆஸ்பராகஸை எவ்வாறு பேணுகிறார் என்று பார்த்தால், எடுப்பதற்கும் விடுவதற்கும் உள்ள கணக்கு எளிதில் விளங்கும். அந்நாட்டுக் குளிர்காலத்தில் செடியின் மேற்பகுதி முழுவதும் மடிந்துவிடும். மண்ணுக்கடியில் தலையும் வேரும் உறங்கிக் கிடக்கும். இளவேனில் வந்து மண் வெம்மையுற்றதும், தலையிலிருந்து விரல் போன்ற குருத்துகள் மண்ணைப் பிளந்துகொண்டு எழும். அக்குருத்தே உணவு. விரியவிட்டால் அது ஆளுயரத் தழையாகிவிடும். விரியுமுன் கொய்தால் கறியாகும். மண்ணைக் குவித்து ஒளி படாமல் மூடி வைத்தால் குருத்து வெண்ணிறமாகவே இருக்கும். ஒளி பட்டால்தான் பச்சையம் உண்டாகும்.

அக்குருத்து எதைக்கொண்டு வளர்கிறது? அப்போது செடிக்கு மண்ணின்மேல் தழை ஏதும் இல்லை. ஆதலால் ஒளியைக்கொண்டு உணவு சமைக்க வழியில்லை. சென்ற ஆண்டில் தழை சமைத்து வேருக்கு அனுப்பிய உணவே இவ்வாண்டுக் குருத்தாக எழுகிறது. உழவர் வீட்டுக் குதிரை நினைத்துப் பாருங்கள். அறுவடை நெல் முழுவதையும் குதிரில் கொட்டி வைக்கிறார்கள். ஆண்டு முழுவதும் அதிலிருந்தே எடுத்து உண்கிறார்கள். விதைநெல்லை மட்டும் எவ்வளவு பசி வந்தாலும் தொடுவதில்லை. ஆஸ்பராகஸின் வேரே குதிர், தழையே வயல். ஒரு குருத்தைக் கொய்யும்போது நாம் குதிரிலிருந்து ஒரு படி எடுக்கிறோம். ஒரு குருத்தை விரியவிடும்போது குதிரை நிரப்பும் வயலில் ஒரு வரப்பைக் கூட்டுகிறோம்.

இதனாலேயே அந்நாட்டுத் தோட்டக்காரர் நட்ட முதல் ஈராண்டுகளில் பெரும்பாலும் குருத்தைத் தொடுவதில்லை. மூன்றாம் ஆண்டில் சில வாரங்கள் மட்டும் கொய்து நிறுத்திவிடுகிறார்கள். பிறகே ஆண்டுதோறும் ஆறு முதல் எட்டு வாரங்கள்வரை கொய்கிறார்கள். அதன்பின் எழும் குருத்துகள் எல்லாம் செடிக்கே உரியவை. செருமனியில் சூன் 24ஆம் நாளோடு கொய்வதை நிறுத்திவிடுவது மரபு. சந்தையில் விலை இருக்கிறதே, இன்னும் ஒரு வாரம் கொய்வோம் என்று எண்ணினால் மறு ஆண்டில் குருத்து மெலியும். இந்த அறிவு புதிதன்று. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியராகிய கேட்டோ வேளாண்மை குறித்து எழுதிய நூலில் ஆஸ்பராகஸ் பயிரிடும் முறையையும் விளக்கியிருக்கிறார். மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டிலேதான் குருத்தை எடுக்க வேண்டும் என்பதும் அவர் கூறும் விதிகளுள் ஒன்று. பொறுத்திருந்தவர்க்குக் கிடைக்கும் பயன் சிறிதன்று. முறையாகப் பேணப்பட்ட பாத்தி பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் பலன் தரும்.

அச்செடியை நம் சமவெளியில் வளர்க்குமாறு நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஆண்டுதோறும் ஓர் உறக்கம் வேண்டும். அந்த உறக்கத்தைத் தருவது குளிர். நம் நாட்டில் குளிர்ந்த மலைப்பகுதிகளில் சிறு அளவில் அது பயிராகிறது. சமவெளி வீட்டிற்கு ஏற்றது தண்ணீர்விட்டானே. இதற்கு நம் கோடையே உறக்கக்காலம். கடும் வறட்சியில் தண்டு பழுத்து உலரும். மழை பெய்ததும் தலையிலிருந்து புதுத்தளிர் கிளம்பும். என் வீட்டுக் கொல்லையின் வடமேற்கு மூலையில் இக்கொடி பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. முதல் மழை பெய்த சில நாட்களில், செத்தது போலக் கிடந்த இடத்திலிருந்து செந்நிறம் கலந்த தளிர் ஒன்று எழுந்து நிற்பதை ஒவ்வோர் ஆண்டும் எதிர்பார்த்திருப்பேன். வேலிக்கம்பை எட்டிப் பிடிக்க அதற்கு நெடுநாள் ஆவதில்லை.

இதனை வளர்க்கும் முறை எளிது. நன்றாகச் சிவந்த பழங்களைப் பறித்துச் சதையைக் கழுவி நீக்கி விதையை எடுக்க வேண்டும். விதையின் மேல்தோல் கடினமானது. ஆதலால் ஓர் இரவும் பகலும் நீரில் ஊறவைப்பது நல்லது. மணலும் செம்மண்ணும் மக்கிய எருவும் சமமாகக் கலந்த தொட்டியில், ஒரு விரற்கணுவுக்கும் குறைந்த ஆழத்தில் விதைக்கலாம். முளைக்க மூன்று நான்கு வாரங்கள் ஆகும். சில விதைகள் இன்னும் பிந்தும். சில முளைக்கவே மாட்டா. பத்து நாளில் ஒன்றையும் காணோமென்று மண்ணைக் கிளறிப் பார்ப்பவர்க்கு இச்செடி ஏற்றதன்று. முதலில் எழுவது நூலிழை போன்ற தண்டு. அதைப் பார்த்து ஏமாற்றம் கொள்ள வேண்டா. அந்நாட்களில் செடியின் கருத்து முழுவதும் மண்ணுக்கடியிலேயே இருக்கிறது.

நாற்றுக்கு இரண்டு மூன்று மாதம் ஆனபின், மழைக்காலத் தொடக்கத்தில் இடம் மாற்றி நடலாம். ஒன்றரை அடி ஆழக் குழி போதும். களிமண் நிலமாயின் மணலை மிகுதியாகக் கலக்க வேண்டும். நீர் தேங்கும் இடம் இதற்கு எமன். தானே நீரைச் சேமித்து வைத்திருக்கும் வேர் சேற்றில் அழுகிவிடும். தண்ணீர்விட்டான் என்னும் பெயரைக் கேட்டு, நாள்தோறும் குடம் குடமாகத் தண்ணீர் விட வேண்டும் போலும் என்று எண்ணுவோர் உண்டு. வேர்பிடிக்கும்வரை அளவாக நீர் விட்டால் போதும். பிறகு வாரம் ஒருமுறை விடலாம். மழைநாளில் அதுவும் வேண்டா. செடிக்குச் செடி இரண்டு அடி முதல் மூன்று அடி இடைவெளி இருக்கட்டும். ஏறிப் படர ஒரு கொம்போ வேலியோ வேண்டும். முட்செடியாதலால் குழந்தைகள் ஓடியாடும் நடையோரத்தில் நடலாகாது. தலையைச் சுற்றியுள்ள களையைக் கையால் பிடுங்க வேண்டும். களைக்கொட்டு ஆழமாகப் பட்டால் மொட்டுகள் அறுபடும். ஆண்டுக்கு இருமுறை மக்கிய தொழுவுரம் இட்டு மண்ணணைத்தால் போதும். மாடிவீட்டில் வாழ்வோர் ஒன்றரை அடி ஆழமுள்ள தொட்டியிலோ, அடியில் துளையிட்ட பையிலோ வளர்த்து, சன்னற் கம்பியில் படரவிடலாம்.

கிழங்கை எடுக்கும் முறையிலேதான் நான் வற்புறுத்த விரும்பும் செய்தி அடங்கியிருக்கிறது. உருளைக்கிழங்கைத் துண்டாக வெட்டி நட்டால் முளைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். உருளைக்கிழங்கு மண்ணுக்கடியில் பருத்த தண்டு. அதன் கண்கள் எல்லாம் மொட்டுகள். தண்ணீர்விட்டானின் கிழங்கு அத்தகையதன்று. அது பருத்த வேர். அதில் கண் இல்லை. நூறு கிழங்கை நூறு குழியில் நட்டாலும், தலையின் துண்டு ஒட்டியிராவிட்டால் ஒன்றுகூட முளைக்காது. முளைக்கும் ஆற்றல் முழுவதும் வேர்கள் கூடும் அந்தத் தலையில் இருக்கிறது. ஆதலால் இதனை எடுப்பவர் செடியின் ஒரு பக்கத்தில் மட்டுமே தோண்ட வேண்டும். பருத்த வேர்களில் ஒரு பகுதியை அறுத்து எடுத்துக்கொண்டு, தலையையும் எஞ்சிய வேர்களையும் அசைக்காமல் மண்ணிட்டு மூட வேண்டும். அடுத்த முறை மறுபக்கத்தில் தோண்டலாம். நட்டு ஈராண்டு நிறைவதற்குமுன் தோண்டாதிருப்பது நலம். புதுச்செடி வேண்டுமாயின், மொட்டும் சில வேர்களும் ஒவ்வொரு பகுதியிலும் இருக்கும்படி தலையைப் பிரித்து நடலாம்.

இதை எனக்கு நூல்கள் கற்பிக்கவில்லை. எங்கள் ஊர்க் கரட்டில் மூலிகை தோண்டி விற்றுவந்த முதியவர் ஒருவரின் கையைப் பார்த்தே கற்றேன். அவர் கடப்பாரையால் ஒரு பக்கம் மட்டும் தோண்டுவார். வேண்டிய அளவு கிழங்கை எடுத்தபின், தலையை மண்ணால் மூடிக் காலால் மெல்ல மிதித்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு நடப்பார். கல் எதற்கு என்று கேட்டேன். பன்றி தோண்டாமல் இருப்பதற்கும், தமக்கு அடுத்த ஆண்டு இடம் தெரிவதற்கும் என்றார். படிக்காத அவர் செடியின் உடற்கூற்றை அறிந்திருந்தார். எங்கே கை வைக்கலாம், எங்கே கை வைக்கலாகாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இக்கணக்குத் தண்ணீர்விட்டானோடு முடிவதன்று. உங்கள் வீட்டுத் தோட்டத்தின் ஒவ்வொரு செடிக்கும் இத்தகைய கணக்கு ஒன்று உண்டு. செடிக்குச் செடி அது வேறுபடும்.

கீரைகளைப் பாருங்கள். முளைக்கீரையையும் சிறுகீரையையும் வேரோடு பிடுங்குகிறோம். அவற்றில் விட்டுவைப்பது செடியை அன்று; விதைக்கென ஒதுக்கும் நாலைந்து செடிகளை. அரைக்கீரையோ அறுக்க அறுக்கத் தழைப்பது. அறுகீரை என்பதே அரைக்கீரை எனத் திரிந்தது என்பர். கொய்யும் முறையே அதற்குப் பெயராகிவிட்டது. தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தை விட்டு அறுத்தால், எஞ்சிய கணுக்களிலிருந்து புதுக்கிளைகள் எழும். தரையோடு தரையாக ஒட்ட அறுத்தால் எழுவதற்குக் கணு ஏது?

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பது பழமொழி. பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று அப்பழமொழிக்கு ஒரு பிற்பகுதியும் உண்டு. அதை நான் ஏற்பதில்லை, நீங்களும் ஏற்கமாட்டீர்கள். முற்பகுதியில் மட்டும் நல்ல தாவரவியல் இருக்கிறது. செடியின் முனைமொட்டு ஆக்சின் என்னும் ஊக்கிப்பொருளைக் கீழே அனுப்பிப் பக்கமொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. முனையைக் கிள்ளிவிட்டால் அவ்வடக்கம் நீங்கிப் பக்கமொட்டுகள் கிளைக்கும். விதையிட்டு வளர்க்கும் செடிமுருங்கையை இடுப்புயரம் வந்ததும் முனை கிள்ளுவது இதனால்தான். கிள்ளாவிட்டால் மரம் ஒற்றைக்கொம்பாக வானை நோக்கிப் போகும். காய் கைக்கு எட்டாது. மரமுருங்கையைப் போத்து நட்டு வளர்ப்பது எளிது. இரண்டுக்கும் வேரடியில் நீர் தேங்கலாகாது. காய்ப்பு முடிந்தபின் செடிமுருங்கையைத் தரையிலிருந்து மூன்று அடி விட்டு வெட்டினால் மீண்டும் தழைத்துக் காய்க்கும். இங்கே விடுவது அந்த மூன்று அடி.

கறிவேப்பிலையில் பலர் செய்வது வேறு. சமையல் நேரத்தில் ஓடி வந்து, கைக்கு எட்டிய கிளையை மேலிருந்து கீழாக உருவி எடுத்துச் செல்கிறார்கள். மொட்டையான குச்சி நிற்கிறது. உருவுவதைவிடக் கிளையின் நுனியை இலையோடு சேர்த்து ஒடித்து எடுப்பது நல்லது. ஒடித்த இடத்தின் கீழே இரண்டு மூன்று கிளைகள் தோன்றும். கன்று முழங்கால் உயரம் வரும்வரை அதைத் தொடாதிருங்கள். இளங்கன்றில் பூங்கொத்துத் தோன்றினால் கிள்ளிவிடலாம். ஆற்றல் தழைக்குப் போகும். விதையால் வளர்க்க விரும்பினால், கறுத்த பழத்தின் சதையை நீக்கி உடனே விதைக்க வேண்டும். நாட்படவைத்த விதை முளைப்புத்திறனை விரைவில் இழந்துவிடும்.

கறிவேப்பிலைத் தளிரில் பறவையின் எச்சம் போன்ற சிறுபுழுக்களைக் கண்டிருப்பீர்கள். அவை வளர்ந்து பச்சை நிறம் கொள்ளும். பின்பு கூட்டுப்புழுவாகி, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியாக வெளிவரும். அவற்றை நசுக்கிவிடுவதே வழக்கம். கன்று சிறிதாயின் புழுவை அகற்றத்தான் வேண்டும். இல்லாவிடில் கன்று மொட்டையாகிவிடும். மரம் பெரிதாயின் ஒரு கிளையை அவற்றுக்கு விட்டுவிடுங்கள். குழம்புக்கு நான்கு இலை குறைவதால் குடிமுழுகிப் போவதில்லை. அந்தப் பூச்சி விரிந்து பறக்கும் காலை நேரத்தை உங்கள் தம்பி தங்கையர் கண்டால், அந்நாளை எளிதில் மறக்கமாட்டார்கள்.

வாழையில் விடவேண்டியது ஒரே ஒரு கன்று. நாம் தண்டு என்று கருதும் அடிமரம் உண்மையில் இலையுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய உருளை. மெய்யான தண்டு மண்ணுக்கடியிலுள்ள கிழங்கு. குலை ஈன்ற தாய்மரம் மீண்டும் ஈனாது. அதன் வாழ்வு அத்தோடு முடிந்தது. சுற்றிலும் எழும் பக்கக்கன்றுகளை எல்லாம் விட்டால் தாயின் உணவைப் பங்கிட்டுக்கொண்டு குலையைச் சிறுக்கச் செய்யும். எல்லாவற்றையும் வெட்டினால் மரபு அற்றுப்போகும். ஈட்டிபோல் குறுகிய இலையும் தடித்த அடியும் உடைய கன்று ஒன்றை, தாய் பூத்தபின் விட்டுவைப்பது முறை. வாழையடி வாழை என்று வாழ்த்துகிறோமே, அந்த வாழ்த்துக்குள் இந்தத் தேர்வும் அடங்கியிருக்கிறது.

இவையெல்லாம் வீட்டுக் கொல்லையில் நிகழ்பவை. தவறினால் ஒரு செடி போகும். மறு ஆண்டு வேறொன்றை நடலாம். காட்டிலும் கரட்டிலும் நிலைமை அத்தகையதன்று. தண்ணீர்விட்டான் கிழங்கு சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் நெடுங்காலமாகப் பயன்படுவது. தாய்ப்பால் பெருகவும் உடல் வலுப்பெறவும் அதைப் பரிந்துரைக்கிறார்கள். அதன் பொடிக்கும் இலேகியத்துக்கும் இன்று பெரிய சந்தை இருக்கிறது. பயிரிட்டு எடுப்போரும் உளர்; காட்டிலிருந்து தோண்டி எடுப்போரும் உளர். எடைக்குக் காசு என்று வந்துவிட்டால், தலையை மண்ணில் விட்டுக் கல்லை வைத்துச் செல்லும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்? தலையோடு பெயர்த்த கொடி அவ்விடத்தில் மீண்டும் எழாது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் வேலிகளில் அடிக்கொன்றாகக் கண்ட கொடியை இன்று தேடிச் சென்று பார்க்க வேண்டியிருக்கிறது. வேலிகள் போய் மதில்கள் வந்ததும் அதற்கு ஒரு காரணம். தலையோடு தோண்டியதும் ஒரு காரணம். மூலிகைகளைப் பேணவும் அவற்றைப் பயிரிடுவோரை ஊக்கவும் இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் தேசிய மருத்துவத் தாவர வாரியத்தை நிறுவியது. அரசு செய்வதை அரசு செய்யட்டும். வீட்டுக்கு ஒரு கொடி நம் வேலியில் ஏறினால், அது காட்டுக்கு நாம் திருப்பிக் கொடுக்கும் சிறு கடன்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட இயலாது. தண்ணீர்விட்டான் வளரும் புதர்களிலேயே செங்காந்தளும் வளர்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலர் அது. பூவின் அழகுக்கு ஈடில்லை. ஆனால், கலப்பை வடிவான அதன் கிழங்கில் கோல்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. வேறு கிழங்கென மயங்கி அதனை உண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. கோடையில் இரு கொடிகளின் மேற்பகுதியும் உலர்ந்துவிடுவதால், எது எது என்று தெரியாமற் போகும். ஆகவே, காட்டில் தோண்டிய எந்தக் கிழங்கையும் கற்றறிந்தார் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் வாயில் வைக்காதீர்கள். தண்ணீர்விட்டானையும் மருந்தாக உண்பது மருத்துவர் சொல்லியே நடக்க வேண்டும். உங்களை அதை வளர்க்கச் சொல்கிறேன். உங்களுக்கு நீங்களே மருத்துவராகச் சொல்லவில்லை.

மாணவர்களாகிய நீங்கள் இந்த நான்காம் கேள்விக்கு விடையைப் பிறர் வாயிலாகக் கேட்டு நிற்பதைவிட நீங்களே காண்பது சிறப்பு. அதற்கு ஒரு சோதனையைச் சொல்கிறேன். செலவு ஏதும் இல்லை. ஒரே அளவான இரண்டு பாத்திகளில் ஒரே நாளில் அரைக்கீரை விதையுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு நீரும் எருவும் இடுங்கள். முதல் பாத்தியைத் தரையை ஒட்டி அறுங்கள். இரண்டாவதில் நான்கு விரல் விட்டு அறுங்கள். ஒவ்வொரு முறையும் அறுத்த கீரையை நிறுத்து, நாளையும் எடையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மூன்று மாதத்துக்குப் பின் இரண்டு பத்திகளையும் கூட்டிப் பாருங்கள். முதல் அறுப்பில் எது முந்தியது, மொத்தத்தில் எது முந்தியது என்பதை அந்த ஏடே உங்களுக்குச் சொல்லும். ஏட்டில் உள்ளதை மட்டுமே நம்புங்கள். என் சொல்லோடு அது மாறுபட்டால், மீண்டும் ஒருமுறை விதைத்துப் பாருங்கள்.

அதே மழைக்காலத்தில், வேலியோரமாக ஒரு குழி தோண்டி ஒரு தண்ணீர்விட்டான் நாற்றையும் நட்டுவையுங்கள். இவ்வாண்டு அதிலிருந்து உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அடுத்த ஆண்டும் கிடைக்காது. உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போது நட்டவர், கல்லூரியில் சேர்ந்தபின்தான் அதன் கிழங்கைக் காண்பார். அதுவரை கோடைதோறும் அது உலரும். உலர்ந்ததென்று பிடுங்கி எறியாதீர்கள். முதல் மழைக்குப் பின் ஒரு வாரம் பொறுத்து, அந்த இடத்தைச் சென்று பாருங்கள்.